தேதி போடாத அஞ்சலி

கழுகுமலை ஏஜென்ட் ராஜமணி போனிலேயே அழுதார்.

"ஏம்மா ராதாமணி, முதலாளியம்மா போயிட்டாவளாமே! எப்ப எடுக்காவ?"

ராதாமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோவில்பட்டியில் கடலை மிட்டாய்க் கடை, தீப்பெட்டி ஆலை, கல்யாண மண்டபம் மூன்றுக்கும் முதலாளியான மீனாட்சியம்மாள் மதுரை ஆஸ்பத்திரியில் பிழைத்தெழுந்து, அந்நேரம் காரில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். காரை ஓட்டி வந்தவன் சின்ன மகன் நவநீதகிருஷ்ணன்.

"யார் அண்ணாச்சி சொன்னது?"

"ஆரு சொல்லணும்? மிட்டாய்க்கு ஆர்டர் போடலாம்னு கடைப் பேர கூகுள்ல தட்டுனேன். அம்மா படத்தோட கண்ணீர் அஞ்சலின்னு வருது. அந்த வெப்சைட்ட நீதான பாத்துக்கிடுத?"

அவளும் தட்டிப் பார்த்தாள். வந்தது.

எழுதியவள் அவள்தான். ஐ.சி.யூ. வாசலில் டாக்டர் உதட்டைப் பிதுக்கினால் போதும், இங்கே யாராவது ஒருவர் சத்தமில்லாமல் பிளக்ஸ் கடைக்குப் படத்தை அனுப்பிவிடுவார்கள். உயிர் போன சூட்டோடு பஸ் ஸ்டாண்டுச் சுவரில் போஸ்டர் ஏறாவிட்டால் அந்த வீட்டுக்கே குறை. நவநீதகிருஷ்ணன் இன்னும் ஒரு படி மேலே போனான். அம்மா பெயரில் டொமைன் எனும் இணைய முகவரி ஒன்றைத் தனியாக வாங்கி அஞ்சலிப் பக்கத்தைத் தயாராக வைக்கச் சொன்னான். "தேதிய மட்டும் விட்டுரு. அண்ணனுக்குக்கூடத் தெரியக் கூடாது."

வேறு எந்தப் பக்கத்திலிருந்தும் அதற்கு லிங்க் வைக்காததால் ஒருவர் கண்ணிலும் படாது என்றுதான் அவள் நம்பியிருந்தாள். ஆனால் மூன்று தொழில்களுடையதும் இதுவுமாக நான்கு டொமைன்களும் ஓடியது ஒரே மென்பொருள் இன்ஸ்டலேஷனில். என்னென்ன பக்கங்கள் இருக்கின்றன என்று கூகுளுக்குச் சொல்லும் சைட்மேப்பை டொமைனுக்கு ஒன்றாகப் பிரித்திருக்க வேண்டும். நான்குக்கும் சேர்த்து ஒன்றையே விட்டிருந்தாள். மிட்டாய்க் கடை தன் பக்கங்களோடு முதலாளியின் சாவையும் கூகுளிடம் ஒப்பித்துவிட்டது.

பக்கத்தை அழித்தாள். தேடலில் தலைப்பு மட்டும் அப்படியே நின்றது. நீக்கச் சொல்லி கூகுளுக்கு விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருந்தபோதே போன் அடித்தது.

"ஏட்டி, செத்தவ பேசுதேன்."

மீனாட்சியம்மாளின் குரல். ராதாமணி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"பசுவந்தனைச் சம்பந்தி அழுதுக்கிட்டே படம் அனுப்புதாவ. நல்லாத்தான் எழுதியிருக்க. தேதியக் காணோம். அப்ப நான் மூச்சுக்கு இழுத்துக்கிட்டுக் கெடந்தப்பவே எழுதுனது. ஆரு சொன்னா?"

ராதாமணி பேசவில்லை.

"நந்தகோபால்தான? ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பாக்காத மூத்தவன். ஆலைய அவன் பேருக்கு எழுத நாளைக்கு வக்கீல் வாராரு. வர வேண்டாம்னு சொல்லிருதேன். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்ட்டி. பேசாம இருந்தாலே எனக்குப் போதும்."

போனுக்குள் காரின் ஏசி இரைந்தது. பேசாமல் இருப்பது அவளுக்குக் கடினமே இல்லை; எத்தனையோ நாட்கள் முழுக்க அப்படியே இருந்திருக்கிறாள். மௌனத்தால் யாருக்கும் கெடுதல் வராது என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். இப்போது ஒவ்வொரு நொடியும் ஒன்றுமறியாத நந்தகோபாலின் மேல் போய் விழுந்துகொண்டிருந்தது. ஆர்டர் நெருக்கடியில் ஆலையே கதியென்று கிடந்தவன் அவன். வாயைத் திறந்தாலோ, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கடியில் துண்டு விரித்துப் படுத்து அம்மாவைப் பார்த்துக்கொண்ட நவநீதகிருஷ்ணன் மாட்டுவான். அவனும் கெட்டவன் இல்லை. அம்மாவின் பெயருக்குக் குறை வந்துவிடக் கூடாதென்று பயந்தவன்.

"என்னட்டி, வச்சிரட்டுமா?"

"இல்லம்மா. பெரியண்ணன் இல்ல."

மீனாட்சியம்மாளுக்குப் பிள்ளைகள் இரண்டே பேர்.

மறுமுனையில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக் கடந்து போனது. பிறகு, ராதாமணியிடம் அல்லாமல், ஸ்டியரிங்கில் இருந்தவனிடம் மிக மெதுவாக அந்தக் குரல் சொன்னது.

"ஏலே, வண்டிய ஓரங்கட்டு."