நினைவு மலரின் ஏழாம் பக்கம்

1

பெப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, என் மாணவி ஒருத்தி என்னிடம் அனுமதி கேட்டாள். அங்கேயே ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கு வேலை இருந்திருக்காது. நான் "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். யோசித்தது இது.

இதுவரை எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

"கிழக்கு லண்டனில் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு—" (தூறவில்லை. நல்ல வெயில்.)

"மனைவியை இழந்தவன் துயரத்தைப் பற்றிப் பாடம் நடத்தும்போது—" (கதையைவிடக் கருத்தரங்கு அழைப்பிதழுக்குப் பொருந்தும்.)

"றூபினி இறந்து பதினொரு மாதங்கள்—" (இது உண்மை. ஆனால் இதற்கு அடுத்த சொல் எனக்கு வரவில்லை.)

தேவையான தகவல்களைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் நிர்மலன். வயது முப்பத்துநான்கு. இல்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நாடகம் கற்பிக்கிறேன். றூபினி என் மனைவி. நான்கு வருடம் சேர்ந்து வாழ்ந்தோம். பிள்ளைகள் இல்லை. வேலைக்குப் போன இடத்தில் மூளையில் இரத்தக்கசிவு. ஐந்தாம் நாள் இறந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு.

2

இந்தக் கல்வித் தவணையில் நான் நடத்தவேண்டியிருந்தது, ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களின் நாடக அரங்கு. துயரமும் இழப்பும் என்று பாடத்திட்டத்தில் போட்டிருந்தது. துறைத்தலைவி என்னைத் தனியே கூப்பிட்டு, வேறு யாரிடமாவது கொடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த நாட்களில் எதைக் கேட்டாலும் வேண்டாம் என்பதுதான் என் பதில். அதனால் பாடம் என்னிடமே நின்றுவிட்டது.

நான் கற்பித்தவை: அந்த மேடையில் ஒரு வீட்டுச் சாவு அந்த வீட்டோடு நிற்பதில்லை. பறிபோன நிலம், பெற்றோரிடமிருந்து பிடுங்கப்பட்ட பிள்ளைகள் எல்லாம் அதற்குப் பின்னால் வந்து நிற்கும். சிரிப்பும் வரும். பல சமூகங்களில் இறந்தவரின் பெயரைச் சில காலம் சொல்வதில்லை. படத்தைக் காட்டுவதில்லை. எல்லோருக்கும் ஒரே வழக்கம் இல்லை, அதனால்தான் கேட்கவேண்டும். ஒருவரின் கதையை மேடைக்குக் கொண்டுவருமுன் அவருடைய ஆட்களிடம் போய் அனுமதி கேட்பது அந்த வேலையின் முதல் படி.

(இதையெல்லாம் திரையில் புள்ளி போட்டுக் காட்டினேன். குரல் நடுங்கவில்லை. எதுவும் நடுங்கவில்லை. அதுவே எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.)

மிதுலன் கையை உயர்த்தினான். வகுப்பில் பகிடி விடுவது அவன்தான்.

"சேர், அவை பேரே சொல்லாயினம். எங்கட ஆக்களைப் பாருங்கோ. செத்து அரை மணித்தியாலத்தில இன்டர்நெட்டில போட்டோ. அதுவும் ஆரின்ரயோ கலியாணப் படத்தில வெட்டி எடுத்தது. பக்கத்தில நிண்ட ஆளின்ர கை தோளில கிடக்கும்!"

வகுப்பு சிரித்தது. பிறகு ஒவ்வொருவராக என்னை நினைத்துக்கொண்டு நிறுத்தினார்கள். நானும் சிரித்தேன் என்று எழுத விரும்புகிறேன். சிரிக்கவில்லை. "நல்ல அவதானிப்பு" என்றேன்.

வேலை இதுதான் என்று சொன்னேன்: அவர்களுடைய துயரத்தை நாங்கள் நடிக்கக்கூடாது. உங்கள் வீட்டில் ஒரு இழப்பை எடுங்கள். ஐந்து நிமிடம். முதலில் உரியவர்களிடம் அனுமதி.

3

அனுமதி கேட்ட மாணவி தக்ஷிகா. அந்தப் பாத்திரத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. இந்தக் கதையில் அவள் தமிழ் பேசுகிறாள். உண்மையில் வகுப்பில் அவள் பேசுவது முழுக்க லண்டன் ஆங்கிலம். அந்த வேகத்தையும் அலட்சியத்தையும் தமிழில் கொண்டுவர எனக்கு ஏலாது. எனவே அவள் பேச்சை அவளுடைய அம்மா பேசுகிற தமிழில் எழுதுகிறேன். அவளுக்குத் தெரிந்தால் கொல்லுவாள்.

இன்னொன்று: கல்லூரிக்குள் நான் அவளுக்குச் சேர். வெளியே கடைத்தெருவில் அண்ணா. றூபினி அக்கா. அன்று வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் என் மேசைக்கு வந்தபோது, எந்த முறை சொல்வதென்று அவளுக்கே தெரியவில்லை.

"சேர்... அண்ணா. பெர்மிஷன் கேக்க வந்தனான்."

"என்ன, ட்ரிப்புக்கோ?"

"இல்லை. எங்கட வீட்டு டீவி அலுமாரியில பொம்பிளையளின்ர நினைவு மலர் மட்டும் பதினொண்டு கிடக்கு. அம்மா ஒண்டையும் எறிய விடமாட்டா. நான் எல்லாத்தையும் வாசிச்சனான்."

"தமிழிலயோ?"

"சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துக்குப் பத்து வருசம் போனனான் சேர். என்ன நினைச்சீங்கள்?" கொஞ்சம் ரோஷம். பிறகு, "எல்லாப் பொம்பிளையளுக்கும் ஒரே மாதிரித்தான் எழுதியிருக்கு. எல்லாரும் கணவரின் நிழல். பதினொரு பேர், ஒருத்தருக்கும் சொந்தமா நிழல் இல்லை. அதை வச்சுத்தான் என்ர ட்ராமா பீஸ். ஒவ்வொண்டிலயும் ஒரு பக்கம் வாசிக்கிறது. பத்து வீட்டில ஓம் எண்டிட்டினம்."

பதினொன்றாவது றூபினியுடையது.

"வாசி. பிரச்சினையில்லை" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இல்லை, நீங்கள் ஏழாம் பக்கத்தைப் பாத்தனீங்களோ?" என்றாள். "பாத்தனீங்கள் எண்டால் சரி. பாக்கேல்லை எண்டால்... பாத்திட்டுச் சொல்லுங்கோ."

புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு ஓடிப்போனாள். ஓடினாள் என்பது உண்மை.

4

வெளியாட்களுக்கு: எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசைக்கு வருபவர்களின் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்போம். அட்டையில் படம். உள்ளே வாழ்க்கைக் குறிப்பு, செபங்கள், நன்றி நவிலல். அந்தப் பூர்வகுடிகளில் பலர் பெயரைச் சொல்லாமல் காக்கும் காலத்தில் நாங்கள் பெயரை இருநூறு பிரதி அடித்து வீட்டுக்கு வீடு கொடுக்கிறோம்.

றூபினியின் மலரை அப்டன் பார்க்கில் அச்சகம் வைத்திருக்கும் கஸ்பர் அண்ணை அடித்துத் தந்தார். பிழை பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பினார். நான் படித்த ஆள் என்பதால் குடும்பம் அந்த வேலையை என்னிடம் விட்டது. ஒவ்வொரு பக்கமாகத் திறந்தேன். "சரி" என்று பதில் போட்டேன்.

ஏழாம் பக்கம்:

"நாற்பது ஆண்டுகால இல்லற வாழ்வில் கணவரின் நிழலாய் இருந்து, மூன்று பிள்ளைகளையும் கண்ணின் மணிகளாய் வளர்த்து ஆளாக்கி, பேரப்பிள்ளைகளின் மழலையில் மகிழ்ந்திருந்த அமரர் றூபினி நிர்மலன் அவர்கள்..."

கஸ்பர் அண்ணை ஒரு பழைய மலரின் மேலே புதியதை வார்த்திருக்கிறார். பெயரை மாற்றினார். வாழ்க்கையை மாற்ற மறந்துவிட்டார். அந்த நாற்பது வருடம் யாருடையது என்று பிறகு கேட்டேன். அவருக்கு நினைவில்லை.

இருநூறு பேர் இதை மாதா கோயிலில் கையில் வைத்திருந்தார்கள். ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். [இங்கே கோபத்தைப் பற்றி ஒரு பந்தி இருந்தது. வெட்டிவிட்டேன். அது வேறு யாருடையதோ கோபம்.] வந்தது வேறு. நான் அந்த வரியைத் திரும்பவும் வாசித்தேன். மூன்றாம் முறை வாசித்தபோது மூன்று பிள்ளைகளுக்கும் என்னிடம் பெயர் இருந்தது.

5

(அந்த நாற்பதில் நாங்கள் வாழாத வருடங்கள். கதைக்கு வெளியே வைக்கவேண்டிய குறிப்பு. வெளியே வைக்க மனமில்லை.)

ஐந்தாம் வருடம்: மூத்தவள் பிறக்கிறாள். றூபினி ஆஸ்பத்திரியில் தாதியோடு சண்டை பிடிக்கிறாள்.

எட்டாம் வருடம்: கார் ஓட்டப் பழகுகிறாள். மூன்று முறை பெயில். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததற்காகவும் ஏச்சு.

பன்னிரண்டாம் வருடம்: எலிசபெத் லைன் ரயிலில் எனக்கு எதிரே தூங்கிவிடுகிறாள். இறங்கவேண்டிய இடம் வந்தும் நான் எழுப்பவில்லை. கடைசி நிறுத்தமான ரெடிங் வரை போய்த் திரும்பி வருகிறோம்.

இருபத்தாறாம் வருடம்: அவளுக்குக் கண்ணாடி. எனக்கு

முப்பத்தொன்றாம் வருடம்:

6

அனுமதி என்னுடையது மட்டும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. நான்தானே கற்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து றூபினியின் அம்மா வீட்டுக்குப் போனேன். றோஸ்மலர் மாமி. அப்டன் பார்க்கில் தனியே இருக்கிறார்.

தேத்தண்ணி வந்தது. ரோல்ஸ் வந்தது.

"மாமி, நினைவு மலரில ஏழாம் பக்கம்..."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஆர் தம்பி சொன்னது?"

"ஒரு பிள்ளை. என்ர ஸ்டூடன்ட்."

"எந்த வீடு?"

"குகநாதன் அண்ணையின்ர மகள்."

"நினைச்சனான்!" மாமி கையை உதறினார். "அந்த வீட்டுக்கு நாலு தரம் போனனான். அந்தாள் டீவி அலுமாரிக்கு முன்னால இருந்து எழும்பாது. மனுசன் தண்ணி குடிக்கக்கூட எழும்பாதோ?"

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. முப்பத்தோராம் நாள் பூசையிலேயே மாமி அந்தப் பக்கத்தைக் கண்டுவிட்டார். அதிலிருந்து வீடு வீடாகப் போயிருக்கிறார். சுகம் விசாரிக்க, பலகாரம் கொடுக்க, செபமாலைக்குக் கூப்பிட. வீட்டுக்காரர் குசினிக்குள் போகும் நேரம் பார்த்து மலரை எடுத்து, கைப்பைக்குள் இருக்கும் பிளேடால் ஏழாம் பக்கத்தை வெட்டி எடுத்திருக்கிறார். பத்து மாதமாக.

(நான் இட்டுக்கட்டியிருந்தால் கத்தரிக்கோல் என்று எழுதியிருப்பேன். ஐம்பத்தொன்பது வயது ஆளின் கைப்பையில் பிளேடு என்று எழுத எனக்குத் துணிவு வந்திராது.)

"என்னட்ட ஏன் சொல்லேல்லை மாமி?"

"நீங்கள் அண்டைக்குக் கோயிலுக்கு ரெண்டு காலிலயும் வேற வேற சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்தனீங்கள். உங்களிட்ட என்னத்தைச் சொல்லுறது?"

"கஸ்பர் அண்ணைக்காவது..."

"அந்தாளுக்கு நல்லா ஏச்சுக் குடுத்தனான். அழுதிட்டுது. பிறகு நான்தான் தேத்தண்ணி போட்டுக் குடுத்தது."

எழுந்துபோய், இயேசுவின் திருவிருதயப் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து வந்தார். எல்லாம் ஏழாம் பக்கம்.

"ஏன் வச்சிருக்கிறியள்?"

"பிள்ளையின்ர பேர் கிடக்குத் தம்பி. குப்பையில போடேலுமே?"

தக்ஷிகா கேட்டதைச் சொன்னேன். மாமி குறுக்கிடாமல் கேட்டார்.

"வாசிக்கட்டும். ஆனால் திருத்திப்போட்டு வாசிக்கச் சொல்லுங்கோ. நாலு வருசம். பிள்ளையள் இல்லை. என்ர பிள்ளையைப் பாத்து ஒருத்தரும் சிரிக்கக்கூடாது."

"திருத்தவேண்டாம் மாமி."

"ஏன்?"

[முதல் பிரதியில் நான் இங்கே பதினைந்து வரி பேசுகிறேன். நல்ல வரிகள். நிஜத்தில் என் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்:]

"எனக்கு அது விருப்பமாக் கிடக்கு."

மாமி என்னைப் பார்த்தார். பிறகு கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். வெட்டுவதற்காக அத்தனை முறை எடுத்த பக்கத்தை அவர் முழுதாக வாசித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். வாசித்து முடித்து மடித்தார். தாளைப் பார்த்தபடியே கேட்டார்:

"மூத்தது பெட்டையோ, பெடியனோ?"

"பெட்டை."

"அதுதான் நானும் நினைச்சனான்" என்றார்.

ரோல்ஸ் ஆறிவிட்டதென்று சூடாக்கக் குசினிக்குப் போனார். வரக் கனநேரம் எடுத்தது.

7

முடிவுகள்.

முதலாவது: தக்ஷிகா வாசிக்கிறாள். அரங்கு அழுகிறது. நானும் ஒருவழியாக அழுகிறேன். (இந்த முடிவை என் மாணவர் யாராவது எழுதினால் புள்ளி குறைப்பேன்.)

இரண்டாவது: கடைசி நிமிடத்தில் நான் மறுத்துவிடுகிறேன். பத்துப் பெண்கள் மேடையில். பதினொன்றாவது இடம் வெறுமை. (அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்பமுடியவில்லை.)

மூன்றாவது, நடந்தது: திங்கட்கிழமை தக்ஷிகாவிடம் சொன்னேன். "நானும் மாமியும் ஓம். படம் வேண்டாம். அச்சடிச்சபடியே வாசி. ஒரு சொல்லும் மாத்தாதே."

"ஷுவரா அண்ணா?"

"கல்லூரிக்குள்ள சேர்."

"சொறி சேர்."

வெள்ளிக்கிழமை அவள் மேடையேறினாள். மாமி முதல் வரிசையில் இருந்தார். அங்கே என்ன நடந்தது என்பதை எழுதமாட்டேன். அது அவளுடைய ஐந்து நிமிடம். அதை எழுத நான் அவளிடம் அனுமதி கேட்கவில்லை.

ஆகவே இந்தக் கதைக்கு என்னிடம் முடிவு இல்லை. இருப்பது மிச்ச வருடங்கள். சிலவற்றை எழுதிப் பார்த்தேன். ஐந்தாம் பகுதியில் கண்டிருப்பீர்கள். இருபத்தாறுக்குப் பிறகு என் கை போகவில்லை. பதினேழாம் வருடத்தை நான் தொடவே இல்லை. அதை நீங்கள் எழுதுங்கள். பெரிய சம்பவம் எதுவும் வேண்டாம். ஒரு புதன்கிழமை காலை போதும். கடைசிப் பிள்ளைக்குக் காய்ச்சல். யார் வேலைக்கு லீவு போடுவது என்று எனக்கும் அவளுக்கும் சண்டை. என்னை எப்படியும் எழுதுங்கள். ஆனால் அவளைக் கணவரின் நிழலாக்கிவிடாதீர்கள். அவள் நன்றாகக் கத்துவாள். இருபத்தெட்டு வயதிலும் முப்பத்திரண்டு வயதிலும் அவள் எப்படிக் கோபப்படுவாள் என்று எனக்குத் தெரியும். நாற்பத்தைந்து வயதில் எப்படிக் கோபப்படுவாள் என்று எனக்குத் தெரியாது.