ஒரு மாத்திரை குறைவு

சவப்பெட்டிக்குள் பேட்டரி போட்ட எதையும் வைக்கக் கூடாது என்று சொல்லி, சடங்கு நிறுவனத்துப் பெண் அந்த நடை எண்ணும் கருவியை இரண்டு கைகளாலும் ஹிசாயேயிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா, எரியிறப்ப வெடிச்சிரும். துணி, காகிதம், பூ, அவருக்குப் பிடிச்ச தின்பண்டம் கொஞ்சம், இதெல்லாம் வைக்கலாம்."

ஹிசாயே கருவியைத் தன் கறுப்புக் கிமோனோவின் கைக்குள் போட்டுக்கொண்டாள். எட்டு வருஷமாகப் புருஷன் எய்ஜிரோவின் இடுப்பில் கிடந்தது. அவரோடு அனுப்பலாம் என்று அவளுக்குத் தோன்றியிருந்த ஒரே பொருள் அதுதான்.

"தின்பண்டம் வைக்கலாமாம், கேட்டியா?" என்றாள் யோஷினோ. எய்ஜிரோவின் அக்கா. எழுபத்தாறு வயதிலும் குரல் மட்டும் கட்டுக்கடங்காது. "இந்த வீட்ல வைக்கிறதுக்கு என்ன இருக்கு? சப்புனு ஒரு கிண்ணம் சூப்பு இருக்கும். போற வழியிலயாவது எந்தம்பி உப்பு ஒறப்பா எதையாவது திங்கட்டும்."

மூன்று நாளாக, உப்பில்லை என்று ஒரு பக்கமும் உப்பு ஜாஸ்தி என்று இன்னொரு பக்கமும் ஹிசாயேயை இடித்துக்கொண்டிருந்தார்கள். எய்ஜிரோ தினசரி நடை முடிந்து வந்து, வாசல்படியில் உட்கார்ந்து பனிச்செருப்பைக் கழற்றும்போது அப்படியே சாய்ந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. ஆஸ்பத்திரி நடைபாதையில் டாக்டர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "மாத்திரைய மூணு தடவ கூட்டியும் பிரஷர் எறங்கவே இல்லையே. வீட்டுச் சாப்பாட்டுல உப்பு ஜாஸ்தியா இருந்திருக்கணும்."

வீட்டுச் சாப்பாடு. ஹிசாயே அந்த ஊர் உப்புக் குறைப்புச் சங்கத்துக்குப் பதினாலு வருஷமாகத் தலைவி. பேனா மாதிரி இருக்கும் உப்பு மீட்டரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் மிசோ சூப்பில் விட்டுப் பார்த்து, எண்ணைச் சொல்லி, திட்டிவிட்டு வருகிறவள். எய்ஜிரோவுக்கு ரத்த அழுத்தம் என்று தெரிந்த அன்றே ஊறுகாய்த் தொட்டிகள் நான்கையும் முற்றத்தில் கவிழ்த்தவள். அவள் சூப்பில் மீட்டர் எட்டு வருஷமும் 0.7 சதவீதத்தைத் தாண்டியதில்லை. அதைத் தன் சூப்புக் கணக்கு நோட்டோடு கொண்டுபோய்க் காட்டியபோது மகன் தொமோஹிரோ நோட்டைத் திறக்கக்கூட இல்லை.

"விடும்மா. மீட்டர் பழசாயிருக்கும்" என்றான்.

நாத்தனார் சொன்னதைவிட அதுதான் அவளுக்கு உறைத்தது. பெற்ற மகன்கூட அவள் அடுப்பைத்தான் சந்தேகப்பட்டான். இல்லை என்று ஒருவராவது அவன் காதுபடச் சொல்ல வேண்டும். இந்த மூன்று நாளும் அவள் காத்திருந்தது அதற்குத்தான்.

பத்து மணிக்கு வண்டி வரும். அந்தப் பக்கத்தில் முதலில் எரித்துவிட்டு, எலும்பை வைத்துத்தான் சடங்கு. அதனால் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அக்கம்பக்கத்தார் ஒன்பதுக்கே வந்துவிட்டார்கள். எல்லாம் சங்கத்துப் பெண்கள். பாய் அறையில் வரிசையாக மண்டியிட்டு உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினார்கள்.

முதலில் தமாயோ எழுந்தாள். சங்கத்துக்குத் துணைத்தலைவி, மூன்று வீடு தள்ளி இருப்பவள். பெட்டியருகே குனிந்து, கிமோனோக் கைக்குள்ளிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, எய்ஜிரோவின் காதோரம் வைத்தாள்.

வாடை குப்பென்று எழுந்தது. புகை, புளித்த தவிடு, அதற்கடியில் முள்ளங்கி. அடுப்புக்கு மேலே பரணில் கட்டிப் புகைபோட்டுத் தவிட்டில் ஊறவைக்கும் முள்ளங்கி. மூன்று துண்டு, பழுப்பு மஞ்சளாக, விளிம்பு சுருங்கி, ஈரமாக.

"அண்ணே, இந்த வருசம் பொகை நல்லா ஏறியிருக்குன்னு சொன்னீங்களே. சாப்புட்டுப் போங்க."

ஹிசாயேவுக்கு விளங்குவதற்குள் அடுத்தவள் எழுந்துவிட்டாள். அவள் வைத்தது கத்தரிக்காய். மூன்றாமவள் வெள்ளரி. நான்காமவளும் முள்ளங்கி, ஆனால் தன் வீட்டு முள்ளங்கி தமாயோ வீட்டுடையதைவிடக் கெட்டி என்று பிணத்திடம் சொல்லி அழுதாள். ஐந்தாவதாக வந்தாள் தெருக்கோடிக் கிழவி மிட்சு. துண்டுகளை வைத்துவிட்டு, சாப்பாட்டுப் பொட்டலங்களில் வருமே, மீன் வடிவச் சோயா புட்டி, அதில் ஒன்றை எடுத்தாள்.

"பிளாஸ்டிக் வேண்டாம் பாட்டி" என்றாள் நிறுவனத்துப் பெண் பதறிப்போய்.

"அப்டியா?" என்ற கிழவி சிவப்பு மூடியைத் திருகி, அங்கேயே, அவர் மார்பின்மேல் வைத்த துண்டுகளில் சோயாவைப் பிழிந்துவிட்டாள். "அவனுக்கு இது ஊத்தாம எறங்காது."

வெள்ளைத் துணியில் பழுப்புக் கறை மெல்லப் படர்ந்தது. குளிர்ந்து கிடந்த உடம்பு, லில்லிப்பூ, ஊதுபத்தி, ஊறுகாய் எல்லாம் ஒரே வாடையாகக் கலந்து ஹிசாயேயின் மூக்கில் ஏறியது. எல்லோரும் தின்று முடித்துப் போட்டுவிட்டுப் போன தட்டு மாதிரி இருந்தார் அவள் புருஷன்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டாள்.

தமாயோதான், அழுதுகொண்டிருந்தவள், அதே மூச்சில் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"ஒருநாள்கூட லீவு போடலக்கா அண்ணன். ரெண்டு மணி அடிச்சா வாசல்ல வந்து நிப்பாரு. 'டீச்சரம்மா, கக்கொ தொறந்தாச்சா?'ம்பாரு. எங்க வீட்ல மொதப் பீரியடு, மிட்சு பாட்டி வீட்ல கடைசிப் பீரியடு. ஊரே சிரிக்கும்."

மற்றவர்களும் சிரித்தார்கள். கைக்குட்டையைக் கண்ணில் வைத்தபடியே தோள் குலுங்கிற்று. யோஷினோவும் சிரித்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கு ஜப்பானிய மொழியில் கக்கோ என்று பெயர். இந்த அகிதாப் பக்கத்தில் ஊறுகாய்க்குக் கக்கொ. எழுத்தில்தான் வித்தியாசம். இந்த ஊர் வாயில் நெடில் நிற்காது, இரண்டும் கக்கொதான். பிள்ளைகள் இல்லாமல் மூடிப்போன பள்ளிக்கூடம்வரை தினமும் நடந்துவிட்டு வா என்று அவரை அனுப்பியது ஹிசாயேதான். எட்டு வருஷமாக இரண்டு மணிக்கு வாசலில் நின்று அவர் குரல் கொடுப்பார்: "கக்கொ போய்ட்டு வரேன்!" அவள் உள்ளேயிருந்து, "மெதுவா, வழுக்கும்" என்பாள். அவளும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். ஆனால் தொட்டிகளைக் கவிழ்த்த நாளிலிருந்து அந்தச் சொல்லுக்கு இந்த வீட்டில் ஒரே அர்த்தம்தான் மிச்சமிருந்தது.

"எத்தன துண்டு?" என்றாள். வீடு வீடாக மீட்டரோடு போகும்போது வரும் குரல் அது.

"அக்கா, இப்பப் போயி..."

"எத்தன துண்டு குடுத்த, தமாயோ?"

"மூணுதாங்க்கா. மூணுக்கு மேல குடுக்க மாட்டோம். நாமல்லாம் சங்கத்துல இருக்கோமில்ல" என்றாள் தமாயோ, உண்மையாகவே.

ஒவ்வொரு வீட்டிலும் மூன்று. மரியாதைக்கு மூன்று. ஐந்து வீடு, பதினைந்து துண்டு, மேலே சோயா. இன்னொரு முழு நாளைக்கான உப்பு. இவர்கள் அவள் எதிரே உட்கார்ந்து கையேடு வாசித்தவர்கள். போன மாதக் கூட்டத்தில் "ஒரு துண்டுதானே என்று நினைக்காதீர்கள்" என்று எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்தவள் இதே தமாயோ. ஹிசாயேவுக்கு அவர்கள் கைகளைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"அப்ப மீட்டர் சரியாத்தாம்மா இருந்திருக்கு" என்றான் தொமோஹிரோ. அவன் முகத்தில் ஒரு நிம்மதி. அம்மாவுக்கு எதையோ வாங்கிவந்து கொடுத்துவிட்ட மாதிரி. இரண்டு நாள் கழித்து அவன் செண்டாய் நகரத்து வீட்டுக்குத் திரும்பிவிடுவான். இனி மனசில் உறுத்தல் இல்லாமல் போகலாம்.

அவள் காத்திருந்தது இதற்குத்தான்.

எழுந்து சமையலறைக்குப் போனாள். நீளமான சமையல் குச்சிகளும் ஒரு தட்டும் எடுத்து வந்து பெட்டியருகே மண்டியிட்டு, ஒவ்வொரு துண்டாகப் பொறுக்க ஆரம்பித்தாள். காதோரத்திலிருந்து மூன்று. கழுத்திலிருந்து மூன்று. ஒரு கத்தரித் துண்டு தலைமயிரில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"செத்தவன் வாய்லேர்ந்து புடுங்குறியேடி! நீ ஒரு பொம்பளையா?" என்று யோஷினோ கத்தினாள்.

"அக்கா, கொஞ்சம் நகருங்க. நெழலடிக்குது."

பதினைந்தும் தட்டுக்கு வந்தன. கறையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. நிறுவனத்துப் பெண் யாரையும் பார்க்காமல் அதன்மேல் ஒரு வெள்ளைச் சாமந்தியை வைத்தாள். மூடியைச் சாத்தினார்கள்.

எரித்து, எலும்பு பொறுக்கி, வீடு திரும்பும்போது வெயில் சாய்ந்து பனி மஞ்சளாகியிருந்தது. வாசலில் நிறுவனத்துப் பெண் ஆளுக்கொரு சின்ன உப்புப் பொட்டலம் கொடுத்தாள். சாவுத் தீட்டு உள்ளே வராமலிருக்க மேலே தூவிக்கொண்டு நுழைய வேண்டும். ஹிசாயே பழக்க தோஷத்தில் பொட்டலத்தைத் திருப்பி எத்தனை கிராம் என்று தேடினாள். 'உண்பதற்கு அல்ல' என்று மட்டும் போட்டிருந்தது. யோஷினோ தன் தோளில் தாராளமாகக் கொட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

சமையலறையில் யாரும் இல்லை. தட்டு அப்படியே இருந்தது. சோயாவில் ஊறிய துண்டுகள் கறுத்திருந்தன. எதற்காக என்று அவளுக்கே தெரியவில்லை. தமாயோ வீட்டு முள்ளங்கித் துண்டு ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

நாக்கு எரிந்தது. புகையும் உப்புமாக வாய் முழுக்கச் சுருங்கி, காதடியில் நரம்பு இழுத்தது. விழுங்க முடியவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியில் துப்பினாள். எச்சில் ஊறி ஊறி வந்தது. வாயைக் கொப்பளித்தும் போகாமல், சட்டியில் காலையில் மிஞ்சியிருந்த சூப்பை ஒரு கரண்டி அள்ளிக் குடித்தாள்.

வெறும் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. இன்னொரு வாய் குடித்துப் பார்த்தாள். அப்படித்தான் இருந்தது. இதைக் குடித்துவிட்டு அவர் தினமும் "நல்லாருக்கு" என்பார். சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. அந்த நேரத்தில் அவள் மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எய்ஜிரோவின் நோட்டு குளிர்சாதனப் பெட்டியின் பக்கவாட்டில், நூலில் கட்டிய சிவப்புப் பேனாவோடு தொங்கிக்கொண்டிருந்தது. தேதி, காலை பிரஷர், மாத்திரை, எத்தனை அடி நடந்தார், எங்கே போனார். எல்லாம் அவரே எழுதியது. மாத்திரைக் கட்டத்தில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு நாளும் ஒரே சொல்: கக்கொ.

பள்ளிக்கூடம் என்றால் நெடில், ஜப்பானிய எழுத்தில் கடைசியில் ஒரு கோடு இழுத்திருக்க வேண்டும். எங்கேயும் கோடு இல்லை. அதிகம் படிக்காத மனிதர், எழுத்துப் பிழை என்று விட்டிருந்தாள். பக்கம் பக்கமாகத் திருப்பினாள். எட்டு வருஷமாக ஒரு மாத்திரைகூடத் தவறவிடாதவர், இந்தச் சொல்லில் மட்டும் தினம் ஒரு மாத்திரை குறைத்திருந்தார். அவளிடம் அவர் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. ஒவ்வொரு கக்கொவுக்குப் பக்கத்திலும், பள்ளிப் பிள்ளைகளுக்கு டீச்சர் போடுகிற மாதிரி, சிவப்பில் ஒரு பூ. அவள் போட்டது.

"ஹிசாயேக்கா!" பாய் அறையிலிருந்து தமாயோ கூப்பிட்டாள். "டீ ஊத்தியாச்சு. தொட்டுக்க ஒண்ணுமில்லையே, அந்தத் தட்டு அங்கதான இருக்கு? எடுத்துட்டு வாங்களேன், வீணாத்தான போவுது."

உள்ளே யாரோ சிரித்தார்கள்.

ஹிசாயே கைமடிப்பிலிருந்து நடை எண்ணும் கருவியை எடுத்தாள். பொத்தானை மூன்று முறை அழுத்தியதும் அவர் விழுந்த நாள் வந்தது. 6,140. காலியாக இருந்த வரியில் கறுப்புப் பேனாவால் அந்த எண்ணை எழுதினாள். பக்கத்துக் கட்டத்தில் கக்கொ என்று எழுதினாள். கோடு போட வேண்டிய இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. போடவில்லை.

பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, பல்லால் மூடியைக் கழற்றினாள். வாயில் இன்னும் உப்பு இருந்தது.