கண்ணுக்குப் போட்ட காது மருந்து

என் மைத்துனன் மருந்துக் கடையில் வேலை செய்கிறான். கண் உறுத்துகிறது என்று போன அவனுடைய அக்காவுக்கு, அதாவது என் மனைவிக்கு, காது அழுக்கை இளக்கும் சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டான். இரண்டு புட்டியும் ஒரே உயரம், ஒரே வெள்ளை மூடி. வலது கண்ணில் தழும்பு விழுந்துவிட்டது. அவள் தையல்காரி. ஊசியில் நூல் கோக்க இப்போது என்னைக் கூப்பிடுகிறாள். எனக்கோ அந்த வேலைக்குக் கை வராது.

கடை முதலாளி வீட்டுக்கே வந்து, "எரர் எங்க வேணா நடக்கும் சார்" என்றார். நான் லிஃப்ட் மெக்கானிக். எரர் என்றால் எங்களுக்குத் திரையில் ஒரு நம்பர் வரும். அதைப் பார்த்து எதைக் கழற்றுவது என்று முடிவு செய்வோம். அவர் முகத்தில் நம்பர் எதுவும் தெரியவில்லை. கூட வந்த மைத்துனன் வாசலில் நின்றபடியே, "மிஸ்டேக் ஆயிடுச்சுக்கா" என்றான்.

அந்த வார்த்தை எத்தனை சௌகரியம் என்று அன்றுதான் கவனித்தேன். பஸ் மாறி ஏறினாலும் மிஸ்டேக், ஒருத்தி கண் போனாலும் மிஸ்டேக். மழை பெய்கிற மாதிரி அது பாட்டுக்கு ஆகிவிடும். தப்பு என்று சொன்னால் செய்த ஆளைத் தேட வேண்டியிருக்கும்.

இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. ஆனாலும் என் மனைவி, "நீ என்ன பண்ணேன்னு தமிழ்ல சொல்லு, அப்புறம் உள்ள வா" என்றுவிட்டாள். அவன் வாரா வாரம் வாசல் வரை வந்து திரும்பினான். அவனை மன்னித்துவிடத்தான் அவளும் தவித்தாள். அதற்கு அவன் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. எனக்குச் சலித்துவிட்டது. "சொல்லித் தொலையேன்டா, வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்று நானே அவனை இழுத்து வந்து அவள் எதிரில் உட்கார வைத்தேன்.

"தப்பு பண்ணிட்டேன்க்கா" என்று ஆரம்பித்தவன் அதோடு நிறுத்தவில்லை. "எரியுதுன்னு நீ அன்னிக்கு சாயங்காலம் போன் பண்ணப்பவே ஷெல்ஃபைப் பார்த்தேன். மாத்திக் குடுத்துட்டேன்னு தெரிஞ்சுபோச்சு. முதலாளி பக்கத்துல நின்னாரு. வேலை போயிடுமேன்னு பயந்து, முதல்ல அப்படித்தான் இருக்கும், விடாம போடுன்னு சொல்லிட்டேன்."

அவள் விடாமல் போட்டாள், இன்னும் இரண்டு நாள். தம்பியே சொல்லிவிட்டானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணாந்து படுத்திருந்தாள். இமையை விரித்துப் பிடித்துக்கொண்டது நான்தான்.

"எரியுதுன்னு உன்கிட்டதானேடா சொன்னேன்" என்றாள். அவன் எழுந்து போனான். அவனை அறைய வேண்டும் போல எனக்குக் கை பரபரத்தது.

மறுநாள் தைத்த துணியை வாங்க வந்த ஒரு பெண், "கண்ணுல என்னங்க இப்படி?" என்று கேட்டாள். நடந்ததைப் பிட்டுப் பிட்டு வைத்துவிடுவது என்று நான் வாயைத் திறந்தேன். என் மனைவி முந்திக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லைங்க, மெடிக்கல் ஷாப்ல ஒரு மிஸ்டேக் ஆயிடுச்சு."