அழுகண்ணித் தொட்டி

பழைய மீன்தொட்டியைக் கட்டிலோரம், தன் கைக்கு எட்டும்படி, ஜன்னல் வெயிலில் வைக்கச் சொன்னது என் மனைவி யூனிஸ்தான். முப்பத்தொரு வருடம் நாற்றுப்பண்ணையில் மண் கிளறியவள். வயிற்றுக் கட்டிக்கு இப்போதைக்கு ஒன்றும் செய்வதற்கில்லை, மூன்று கிலோ எடை கூடினால் மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்று மே மாதம் ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பூச்சி தின்னும் அழுகண்ணிச் செடியைப் பார்க்க இனி மலைச்சரிவு ஏற முடியாது, அது வீட்டுக்கு வரட்டும் என்றாள். பண்ணையிலிருந்து நாலு செடி கொடுத்தனுப்பினார்கள்.

படுத்தபடியே என்னை வேலை வாங்கினாள். பீட் என்கிற சத்தில்லாத சதுப்பு மண்ணும் கழுவின மணலும் சரிபாதி, மேலே பாசி, மூடி கிடையாது. குழாய்த் தண்ணீர் ஆகாது. கொல்லைப் பீப்பாயில் பிடித்த மழைத்தண்ணீர் மட்டும். கொஞ்சம் உரம் போடட்டுமா என்று கேட்டேன். சிரித்தாள்.

"இது ஏழை மண்ணுல பொறந்தது கிழவா. நல்ல சாப்பாடு போட்டா செத்துப்போகும்."

நான் லாரி ஓட்டினவன். அடுப்படிப் பக்கம் போனதே அவள் படுத்த பிறகுதான். ஸ்னூக் மீனை முள் எடுத்து, உருளைக்கிழங்கோடு மசித்துக் கொண்டுபோவேன். எதிரே உட்கார்ந்து வாயைப் பார்த்தால் இறங்காது என்று துரத்திவிடுவாள். திரும்பி வந்தால் தட்டு துடைத்த மாதிரி இருக்கும். பதினாறு நாள் இப்படி. வெள்ளிக்கிழமை எடை பார்க்கப் போக வண்டிக்குச் சொல்லிவைத்தேன். அவள் தங்கை டோரீன் மட்டும், கை மெலிந்துகொண்டே போகிறதே என்றாள். நல்ல நேரத்தில் அபசகுனமாகப் பேசாதே என்று அவளைக் கடிந்துகொண்டேன்.

அந்த வாரம் செடிகள் கறுக்க ஆரம்பித்தன. அறையில் ஒரு வாடை. தண்ணீர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து, புதன்கிழமை காலை அவள் மருந்து மயக்கத்தில் தூங்கும்போது தொட்டியைக் கொல்லைக்குத் தூக்கிப்போய் பாசியை உரித்தேன்.

அடியில் மீன் இருந்தது. உருளைக்கிழங்கு பச்சைப் பூஞ்சை பிடித்திருந்தது. அவித்த முட்டை, ஓட்ஸ் கஞ்சிக் கட்டி. எல்லாம் விதை ஊன்றியதுபோல் விரல் ஆழத்தில், ஒழுங்கான இடைவெளி விட்டு. அவள் கைவேலைதான். அந்தக் கையை எனக்குத் தெரியாதா?

முதலில் வந்தது கோபம். பதினாறு நாளும் நான் வேண்டிக்கொண்டே சமைத்ததெல்லாம் இந்த மண்ணுக்குள்ளேதான் போயிருக்கிறது. அப்புறம் பீப்பாயைப் பிடித்துக்கொண்டு, வயசான காலத்தில் வெட்கமில்லாமல் அழுதேன்.

ஒரு செடிதான் மிஞ்சியது. வேரைக் கழுவி, புது மண் போட்டு நட்டு, தொட்டியை இருந்த இடத்திலேயே வைத்தேன். விழித்ததும் அவள் தொட்டியைத்தான் பார்த்தாள்.

"மண்ண மாத்திட்டியா?"

"கெட்டுப்போச்சு. தண்ணி அதிகமா ஊத்திட்டேன் போல."

அவள் என்னையே பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மதியம் வழக்கம்போலத் தட்டைக் கொண்டுபோனேன். கூடவே ஒரு வெறும் கிண்ணத்தையும் மூடியோடு அவள் கைப்பக்கம் வைத்தேன். இனி மண்ணில் ஊன்ற வேண்டாம், இதில் போட்டு மூடிக்கொள்ளட்டும். அடுப்படிக்கு வந்து ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

திரும்பிப் போனபோது கிண்ணம் வெறுமையாக இருந்தது. தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. அவள் சுவரோரம் நகர்ந்து படுத்து, கட்டிலில் எனக்கு இடம் விட்டிருந்தாள்.

"ஆறிப்போகுது," என்றாள். "நீ சாப்பிடு."

வெள்ளிக்கிழமை வண்டி வேண்டாமென்று சொல்ல வேண்டும். உட்கார்ந்து தட்டை எடுத்தேன். மிஞ்சிய செடியின் இலையில் ஒரு சின்ன ஈ ஒட்டிக்கொண்டு காலை உதறியது. அவள் அதைப் பார்க்கவில்லை. என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் ஒவ்வொரு வாயாக விழுங்கும்வரை.