உயிலில் ஒரு பட்டன்கூட இல்லாதவர்

அந்தத் தையல்கடைக்கென்று ஒரு தனிச் சட்டம் உண்டு. எந்தக் காகிதமானாலும் இரண்டு கையெழுத்து. மேலே மாமியார், கீழே மருமகள். துணி வந்து இறங்கிய ரசீதிலிருந்து கதவில் ஒட்டும் 'இன்று கடை விடுமுறை' அறிவிப்பு வரைக்கும் இதுதான் வழக்கம். பதினொரு வருஷமாகப் போட்டுப் போட்டு, தாளின் அடியில் ஒரு கோடு காலியாகக் கிடந்தால் மருமகளின் கை சும்மா இருக்காது.

நேற்று மாமியார் ஒரு தாளை மடித்து, அடிப்பக்கத்தை மட்டும் காட்டி "போடு" என்றார். மருமகள் போட்டாள். கூடவே நின்ற இஸ்திரிக்காரரும் போட்டார். உயில் என்று அவளுக்குத் தெரியும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கத்தான் வாய் வரவில்லை.

கேட்காமல் இருந்தாளே தவிர, பயம் இல்லாமல் இல்லை. மாமியாருக்கு நாளை காலை இதய ஆபரேஷன். இன்று மாலை ஐந்தரைக்குள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். கணவன் இறந்து எட்டு வருஷம் ஆகிறது. தூரத்து நகரத்தில் இருக்கும் கணவனின் அண்ணன் போன வாரம் போனில், "அம்மாவுக்கு அப்புறம் அந்த இடத்தை வித்துடலாம், நீயும் வேற ஏதாவது பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டார். கீழே கடை, மாடியில் இரண்டு அறை. அவளுக்கு உலகமே அவ்வளவுதான்.

நாலு மணிக்கு, கிழிசல் தைக்கக் கொடுத்த பழைய கோட்டை வாங்க வக்கீலம்மா வந்தார். மாமியார் கோட்டோடு உயிலையும் நீட்டினார். "நானே எழுதிட்டேன். சும்மா ஒரு பார்வை பாத்துடுங்க."

வக்கீலம்மா படித்துக்கொண்டே வந்து, தாளின் அடியில் நிறுத்தினார்.

"இந்தச் சாட்சிக் கையெழுத்து யாருது?"

"என்னுது" என்றாள் மருமகள்.

"போச்சு போங்க! கடையும் மாடியும் உங்களுக்குத்தானே எழுதியிருக்காங்க! வாங்குறவங்களே சாட்சி போட்டா, அவங்களுக்கு எழுதினது செல்லாது. மிச்சமெல்லாம் பெரிய மகனுக்குன்னு கடைசி வரி இருக்கு. உங்க பங்கும் அந்த மிச்சத்துல போய்ச் சேந்துடும்."

ஒரே மூச்சில் கடை அவளுக்குக் கிடைத்தது, அதே மூச்சில் கைவிட்டும் போனது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கா அத்தை?"

"பின்னே யாருக்கு? மிஷினை மிதிச்சது நீயா அவனா?" என்றார் மாமியார். "அழுறதை அப்புறம் வெச்சுக்கோ. வக்கீலம்மா, இப்ப என்ன பண்ணணும்?"

"புதுசா எழுதி நீங்க கையெழுத்து போடணும். அதை ரெண்டு பேர் ஒண்ணா நின்னு பாத்து, உங்க கண்ணு முன்னாடியே அவங்களும் போடணும். ரெண்டு பேருக்கும் உயில்ல ஒரு துரும்புகூட இருக்கக் கூடாது. அவங்க வீட்டுக்காரர், வீட்டுக்காரிக்கும் இருக்கக் கூடாது."

வக்கீலம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பிரதி எழுத உட்கார்ந்தார். மருமகள் செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கினாள். இரண்டு கையெழுத்துதானே, தெரு முழுக்கத் தெரிந்த முகம், சொடக்குப் போடும் நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தாள். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்பார்கள்.

நேற்றுச் சாட்சி போட்ட இஸ்திரிக்காரர் இன்று ஊரில் இல்லை. பேக்கரிக்காரரைக் கூட்டி வந்தாள். "அவருக்குச் சுவர்க் கடிகாரம் எழுதியிருக்கேனே" என்றார் மாமியார். மருந்துக்கடைக்காரரை இழுத்து வந்தாள். அவருக்குச் சுழல் நாற்காலி. பூட்டு ரிப்பேர்க்காரர் ஓடி வந்தார். அவர் மனைவிக்கு நிலைக்கண்ணாடி. அந்த மகராசி தெருவில் ஒரு ஆள் விடாமல் எழுதி வைத்திருந்தார்! வந்தவர்களுக்கோ உதவ முடியாத வருத்தம் ஒரு பக்கம், தனக்கும் ஏதோ இருக்கிறதே என்ற சந்தோஷம் ஒரு பக்கம். ஒருவரும் கிளம்பவில்லை. வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"ஒரு சாட்சி நானே போடுறேன்" என்றபடி எழுதிக்கொண்டிருந்த வக்கீலம்மாவின் பேனா பதினாலாவது வரியில் நின்றது. "கறுப்புத் துணி மூணு மீட்டர், வக்கீலம்மாவுக்கு. அட, எனக்குமா!"

"அந்தக் கோட்டு சாயம் போச்சே, அதான்."

"இதை எடுத்துடலாமே, அம்மா?"

"குடுத்ததைத் திரும்பக் கேக்குற வழக்கம் எங்க வீட்ல கிடையாது."

மணி ஐந்துக்கு ஐந்து. வாசலில் டாக்சி ஹாரன் அடித்தது. மருமகள் பாய்ந்துபோய் டிரைவரைக் கதவோடு சேர்த்து இழுத்தாள். "அண்ணே, உங்களுக்கு யாரும் எதுவும் எழுதி வைக்கலையே?"

"எனக்கு எங்கம்மா யார் எழுதுவாங்க?" என்றார் பாவம்.

ஒருவர் ஆயிற்று! இன்னொருவர்? சுற்றும் முற்றும் பார்த்தாள். எதிர்க்கடை வாசலில், கழுத்தில் அளவு நாடாவோடு, பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டு நின்றார் மாஸ்டர். ஒரு காலத்தில் இந்தக் கடையிலேயே துணி வெட்டியவர். கோபித்துக்கொண்டு போய் எதிரிலேயே கடை போட்டார். ஒன்பது வருஷமாக இரண்டு கடைக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"அத்தை, மாஸ்டருக்கு ஏதாவது..."

"அவனுக்கா? ஒரு பட்டன்கூட இல்ல!"

மருமகள் சாலையைக் கடந்து மாஸ்டரின் கையைப் பிடித்தாள். "மாஸ்டர், வாங்க. என் வாழ்க்கை உங்க கையிலதான் இருக்கு." அவர் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்தார்.

மாமியார் கையெழுத்துப் போட்டார். டிரைவர் போட்டார். மாஸ்டர் கண்ணாடியை இறக்கிவிட்டு, தையல் போலச் சீராகப் போட்டார். மருமகள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்தக் கடையில் அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு காகிதம் நிறைவேறியது அன்றுதான். வாசலில் யாரோ கை தட்ட, தெருவே தட்டியது.

"தெருவுக்கே எழுதினீங்களாமே" என்றார் மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு.

"உனக்கு எழுதலை. நீ விட்டுட்டுப் போன கத்திரிக்கோல் எங்கிட்டதான் இருக்கு. வருஷா வருஷம் சாணை பிடிச்சுத்தான் வெச்சிருக்கேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து திரும்பி வந்து கையில குடுப்பேன். செத்தப்புறம் குடுக்குறதுக்கு அது என்ன கடிகாரமா?"

மாஸ்டர் போய் டாக்சிக் கதவைத் திறந்து பிடித்தார்.

ஆஸ்பத்திரிக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகவே போய்விட்டார்கள். கவுன்டரில் இருந்த பெண் ஒரு தாளை நகர்த்தினாள். "கூட வந்தவங்க இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

மருமகளின் கை, சூடு கண்ட பூனையாகப் பின்னால் போனது.

"இதுல போடலாம்டி" என்று மாமியார் சிரித்தார். "உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு பார். சின்னக் கட்டம். மருமகள்னு எழுத இடம் பத்தாது. மகள்னு எழுது."

அவள் எழுதினாள். எழுத்துக் கொஞ்சம் கோணலாக விழுந்தது. மாமியார் தாளைத் தன் பக்கம் திருப்பி, யாரும் கேட்காமலே, மேலே தன் கையெழுத்தையும் போட்டார்.