மருதம்மாளைச் சுற்றிப் போன குண்டுகள்

இன்றைக்கு இடப் பக்கமாகப் போனால் தேவலை, வலக் காதில் போன ஞாயிற்றுக்கிழமை இரைச்சலே இன்னும் அடங்கவில்லை என்று நினைத்தபடி மருதம்மாள் ஜப்பான் அதிகாரியின் கைத்துப்பாக்கிக்கு எதிரே நின்றாள். குண்டு இடப் பக்கமாகவே போனது. அவள் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் வந்ததும், ஒற்றையடிப் பாதையில் எதிரே பெண்பிள்ளை வரக் கண்ட கூச்சக்காரனைப் போலச் சற்றுத் தயங்கி, ஒதுங்கி, அவளைச் சுற்றிக்கொண்டு பின்னால் நின்ற ரப்பர் மரங்களுக்குள் புகுந்து போய்விட்டது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மாணிக்கவாசகம், மரப்பட்டையில் வெட்டுக்கோடு போட வைத்திருந்த அளவுகோலோடு ஓடிவந்தார். குண்டு வளைந்த இடத்துக்கும் அவள் மூக்குக்கும் நடுவே இருந்த வெற்றுக் காற்றை அளந்தார். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி இடுப்பு மடங்கக் குனிந்தார்.

புக்கிட் செலம்பாவிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்தத் தோட்டத்தில் இது வாராவாரம் நடப்பதுதான். ஜப்பான்காரன் ஜித்ராவைத் தாண்டிவிட்டான் என்று தெரிந்த அன்று, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை நாயையும் கிராமபோனையும் காரில் ஏற்றிக்கொண்டு தெற்கே போனார். அவசரத்தில் தன் ரிவால்வரையும் லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த அத்தனை பேரையும் மறந்துவிட்டார். அவர் பங்களாவில் வந்து உட்கார்ந்த லெப்டினன்ட் மொரிதா, குளியலறை அலமாரியில் ரிவால்வரைக் கண்டெடுத்த நாளிலிருந்து வேறு வேலை பார்க்கவில்லை. வெள்ளைக்காரன் துப்பாக்கியைவிடத் தன் நாட்டுத் துப்பாக்கியே குறி தவறாதது, நம்பத் தகுந்தது என்று மேலிடத்துக்குச் சொல்லி அனுப்பினால் காப்டன் ஆகிவிடலாம் என்பது அவர் எண்ணம். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களம் அப்படித்தான் சுடுகளமாயிற்று. ஒரு கோடியில் மேசை, மறு கோடியில் குறிக்கு வாழைத்தண்டுகள்.

முதல் ஞாயிறன்று, ரப்பர்ப் பால் வாளிகளைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் தொங்கவிட்டு மருதம்மாள் களத்தின் குறுக்கே நடந்தாள். சுடப் போகிறார்கள் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய ஆட்களில் அவளை யாரும் எண்ணுவதில்லை. மொரிதா விசையை இழுத்தாயிற்று. குண்டு அவளிடம் வந்து, நின்று, சுற்றிக்கொண்டு போனது. வாளியில் பால் தளும்பவில்லை. ஏதோ வண்டு என்று நினைத்து அவள் நடையைக் கூட்டினாள். மொரிதா துப்பாக்கியைக் கழற்றித் துடைத்து மாட்டி, அவளை அங்கேயே நிற்கச் சொல்லி மறுபடி சுட்டார். முதல் தடவை சுட்டது கைத்தவறு, இரண்டாம் தடவை ஆராய்ச்சி. அதுவும் சுற்றிக்கொண்டு போகவே, துரையின் ரிவால்வரைக் கொண்டுவரச் சொன்னார். அந்தக் குண்டும் அவளுக்கு வழி விட்டது.

இதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். காற்று என்றார் கிராணி. மாரியம்மன் என்றார் பூசாரி. உப்பில்லாமல் மரவள்ளிக்கிழங்கு மட்டும் தின்ற உடம்பில் குண்டைப் பிடித்து இழுக்கச் சத்து இல்லை என்றார் மருந்துக் கொட்டகை டிரெஸர். மருதம்மாளுக்கு மட்டும் அது ஆச்சரியமாகவே இல்லை. கல்யாணமாகிப் பத்து வருடமாகியும் அவள் வயிறு திறக்கவில்லை. எந்த வீட்டு வளைகாப்பானாலும் மஞ்சள் குங்குமத் தட்டு வரிசையாக வந்து, அவளுக்கு ஒரு முழம் முன்னால் தயங்கி, அவளைச் சுற்றிக்கொண்டு அடுத்தவளிடம் போய்விடும். குண்டும் அதையே செய்தது. தட்டுக்கு இருந்த வெட்கம் இதற்கும் இருக்கிறதே என்றுதான் அவளுக்குத் தோன்றியது. தட்டை நேரே அவளிடம் நீட்டியவள் தோட்டத்திலேயே ஒருத்திதான், பக்கத்து வீட்டுச் செல்லாயி. தன் வளைகாப்பில், கூடியிருந்த பெண்கள் எல்லாரும் பார்க்க, "எடுத்துக்கக்கா. என்ன, நீ எடுத்தா கொறஞ்சா போயிரும்?" என்றாள். மருதம்மாள் அந்தக் குங்குமத்தை நெற்றியில் வைக்கவில்லை. ஒரு தகரச் சிமிழில் போட்டு மூடி வைத்தாள்.

சயாமுக்கு ரயில்பாதை போட ஆள் பிடிக்கும் லாரி வந்தபோது அவள் புருஷன் காளிமுத்துவையும் ஏற்றினார்கள். அந்த லாரியில் போனவர்கள் திரும்பி வந்ததாகக் கேள்வி இல்லை. மருதம்மாள் லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மொரிதா ஏதோ சொல்ல, கிராணி அதைத் தமிழாக்கினார்.

"இந்தா மருதம்மா, ஞாயித்துக்கெழம தவறாம வந்து நின்னியானா ஒன் வீட்டுக்காரன் எறங்கிக்கலாமாம். ஒரு ஞாயிறு வராட்டி, அடுத்த லாரியில அவன்தான் மொதல் ஆள்."

"நிக்கிறேங்கய்யா."

"ஆனா லாரியில எடம் காலியாப் போவக்கூடாதாம்."

செல்லாயியின் புருஷன் பிச்சை, சிநேகிதனை வழியனுப்பிவிட்டுப் போகலாமென்று தன் கம்பளியை எடுத்துக்கொண்டு வந்து லாரிக்கு அருகில் நின்றிருந்தான். காளிமுத்து இறங்கினான், பிச்சையைத் தூக்கிப் போட்டார்கள். கம்பளி அவனுக்கே உதவியது. அன்று முதல் செல்லாயி, தண்ணீர்க் குழாயடியில் மருதம்மாளைக் கண்டால் ஒரு முழம் தள்ளி, சேற்றில் கால் வைத்தாவது, சுற்றிக்கொண்டு போனாள். ஒரே ஒரு நாள் மட்டும் குடத்தை இறக்கிவிட்டு நின்றாள். "குண்டு எதையும் தொடறதில்லன்னு எல்லாரும் சொல்றாங்கக்கா. தொட்டுச்சு. ஒன்னயச் சுத்திக்கிட்டு எங்க வீட்டுல வந்து பட்டுச்சு," என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமைகள் போயின. துப்பாக்கிகளைப் பற்றி மொரிதாவைவிட அவளுக்கே அதிகம் தெரிந்திருந்தது. துரையின் ரிவால்வர் இரும்புச் சட்டி மாதிரிக் கனம்; விசையை இழுக்கவே கை நோகும்; இழுத்தால் வெடிக்காமல் இருந்ததில்லை. ஆனால் அந்தக் குண்டு, கிளப்பிலிருந்து திரும்பும் துரையைப் போலத் தள்ளாடிக்கொண்டு எங்கோ பார்த்து வரும், நாலு முழத்துக்கு அப்பாலேயே விலகிவிடும். ஜப்பான் துப்பாக்கி குறிக்காரன்தான். நேரே கண்ணைப் பார்த்து வரும். ஆனால் பத்துக்கு இரண்டு வெடிக்காது. அடிக்கும் ஊசிக்குப் பின்னால் இருக்கும் சுருள்கம்பி சொத்தை. அது தெரிந்துதான் உறையிலேயே மாற்று ஊசிக்கு ஒரு பை வைத்துத் தைத்திருந்தார்கள். மழை பெய்தால் குண்டு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். மொரிதா அதைப் பல்லால் கடிக்காத குறையாக இழுப்பார்.

வெடிக்கும் குண்டுக்கு அவள் பயப்படவில்லை. வெடிக்காததற்குத்தான் பயந்தாள். 'டக்' என்று ஒரு சத்தம், அதன் பிறகு ஒன்றும் வராது. அந்த அமைதியில் களத்தில் உள்ள எல்லாம் கேட்கும். அப்படி ஒரு ஞாயிறு அவளுக்குத் தன் புருஷன் குரல் கேட்டது. சயாமுக்குப் போகாமல் தப்பிய காளிமுத்து, குண்டே வழி விடுகிறவளின் புருஷன் என்பதால் வேலைக்குப் போவதைக் கௌரவக் குறைவாக எண்ணி நிறுத்திவிட்டிருந்தான். மேசைக்குப் பின்னால் நின்று பந்தயம் நடத்திக்கொண்டிருந்தான்.

"வெள்ளக்காரன் துப்பாக்கி மேல ரெண்டு கெழங்கு வைக்கிறவன் வை. எம் பொஞ்சாதிய எனக்குத் தெரியாதாலா? கண்ணு இமைக்க மாட்டா. நல்ல சாமான்."

எதற்காக இவரை இறக்கினேன் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். கேட்டதும், பிச்சையின் கம்பளி ஞாபகம் வந்தது. இப்போது இறங்கியவரை மறுபடி ஏற்றிவிட்டால் பிச்சை போனதற்கும் அர்த்தமில்லாமல் போய்விடும். அதற்காகவே அடுத்த ஞாயிறும் வந்து நின்றாள்.

நாற்பத்து மூன்றாம் வருடம் ஜப்பான்காரன் அந்தத் தோட்டம் இருந்த கெடாவை எடுத்து, விருந்தாளிக்கு வெற்றிலைத் தட்டு நீட்டுவதுபோலச் சயாம்காரனிடம் கொடுத்தான். சிரித்த முகமாக ஒரு சயாம் அதிகாரி வந்தார். அவர் இடுப்பில் அமெரிக்காவில் செய்த துப்பாக்கி. அது ஒருநாளும் சிக்கவில்லை, ஒருநாளும் வெடிக்காமல் இருக்கவில்லை, அதன் குண்டு அவள் மூக்குத்தி வரைக்கும் வந்து, கல்லில் தன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பியது. ஒவ்வொரு தடவை சுட்ட பிறகும் அவர் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். மறுபடி சுட்டார். மொரிதாவின் முகம் கறுத்தது. முடிவு சொல்லவேண்டியவர் கிராணி. சயாம் அதிகாரி கேட்டபோது, குண்டு எவ்வளவு நெருங்கி வருகிறதோ அவ்வளவு துல்லியம் என்றார். மொரிதா கேட்டபோது, எவ்வளவு தூரத்தில் ஒதுங்குகிறதோ அவ்வளவு மரியாதை, மரியாதையே துப்பாக்கிக்கு முதல் தகுதி என்றார். "அப்படியானால் வெடிக்காமல் போவது?" என்று மொரிதா கண்ணை இடுக்கியபோது, "அது அடக்கம் ஐயா. வெள்ளைக்காரன் துப்பாக்கிக்கு எப்போது வாயை மூடவேண்டும் என்று தெரியாது," என்றார். மொரிதா காப்டன் ஆனார்.

வழி விட்டுப் போன குண்டுகள் எதிலும் போய்ப் பதியவில்லை. தொடச் சொன்னதைத் தொடாமல் வந்துவிட்டதால் வேறெதைத் தொடுவது என்று தெரியாமல் தோட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன. ஜப்பான் குண்டுகள் நெஞ்சுயரத்தில் விசிலடித்துக்கொண்டு வரும். ரிவால்வர் குண்டுகள் சாயங்காலத்து வண்டு மாதிரி உறுமிக்கொண்டு தலையுயரத்தில் வரும். அமெரிக்கக் குண்டைக் கண்ணால் பார்க்க முடியாது, காதோரம் சூடு தெரியும். பால்வெட்டுக்குப் போகிறவர்கள் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்தாமலே குனிந்துகொள்வார்கள். வெயில் ஏறினால் சில குண்டுகள் பால் சொட்ட மரத்தில் கட்டியிருக்கும் மங்குக் கிண்ணத்துக்குள் இறங்கி இளைப்பாறும். எடுத்துத் துடைத்து வெளியே விட்டால் போய்விடும். கோழிகள்கூடப் பழகிவிட்டன.

ஜப்பான்காரன் தோற்றான். மொரிதா ஒரு நாள் தன் துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு லாரியில் ஏறிப் போனார். சயாம் அதிகாரி சிரித்துக்கொண்டே எல்லை தாண்டிப் போனார். சயாமுக்குப் போனவர்களில் எலும்பும் தோலுமாகச் சிலர் வந்து சேர்ந்தார்கள். பிச்சை வரவில்லை, கம்பளியும் வரவில்லை. எல்லாரும் வந்து முடிந்த பிறகு, துரை வந்தார். நாய் செத்துப்போயிருந்தது, கிராமபோன் மட்டும் கூட வந்தது.

முதல் பெரட்டிலேயே அவருக்குக் கதை சொல்லப்பட்டது. கிராணி ஆங்கிலத்தில் சொன்னார், காளிமுத்து தமிழில் சேர்த்துக் கொடுத்தான். தன் ரிவால்வரைப் பற்றி ஜப்பான்காரன் என்ன எழுதினான் என்பதுதான் துரையை அதிகம் உறுத்தியது. மேசையில் இரண்டு துப்பாக்கிகளையும் வைக்கச் சொல்லிவிட்டு, தோட்டத்துத் துரைமார் பேசும் தமிழில் மருதம்மாளைக் கூப்பிட்டார்.

"மருதம்மா, நீ அங்க நிக்குது, நான் சுடுது. ஒரே தடவ. யாரு துப்பாக்கி நல்லதுன்னு பாக்கணும். ஒன் புருசனுக்கு ஆள மேய்க்கிற தண்டல் வேல குடுக்குது."

அந்த நேரம் பார்த்து மரங்களுக்குள்ளிருந்து ஓர் உறுமல் வந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் குனிந்துகொண்டார்கள். துரைக்கு வழக்கம் தெரியாது. நிமிர்ந்து நின்றார். குண்டு அவர் தொப்பியை இந்தப் பக்கம் துளைத்து அந்தப் பக்கம் வெளியேறி, அதோடு சோர்ந்து புல்லில் விழுந்தது. அத்தனை வருடத்தில் தோட்டத்துக் குண்டு ஒன்று எதையாவது தொட்டது அன்றைக்குத்தான். கிராணி ஓடிப்போய் எடுத்துப் பார்த்தார். அது ரிவால்வரின் குண்டேதான். "குறி தவறாது என்று நான் அப்போதே சொன்னேன், சார்," என்றார்.

துரை தொப்பியைக் கழற்றி ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருதம்மாள் காண்டாக் கம்பைத் தோளில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"வேணாந்தொரை," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். தன் பங்கு மரவரிசையான நிரையை நோக்கி நடந்தாள். நிரைக்குப் போகும் பாதை குறுகல், இருபுறமும் முள். அங்கே செல்லாயி வாளியோடு நின்றிருந்தாள். அவள் ஒதுங்கவுமில்லை, சுற்றிப் போகவுமில்லை. இரண்டு பேரும் தோளைச் சாய்த்துக் கொடுத்துத்தான் கடக்கவேண்டியிருந்தது. வாளியும் வாளியும் முட்டின.

பின்னாலேயே காளிமுத்து ஓடிவந்தான். "ஏ புள்ள, ஒரே ஒரு தடவ நில்லேன். ஒனக்கு என்ன ஆயிறப் போவுது? தண்டல் வேல புள்ள."

அவள் பால் வெட்டும் உளியின் முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். முதல் மரத்தின் வெட்டுக்கோட்டில் காய்ந்திருந்த பாலை உரித்து எடுத்தாள்.

"எனக்கு நெரை கெடக்கு," என்றாள், திரும்பாமல். "நீங்க வேணா போயி நில்லுங்க."