கல்லறை மேல் ஒரு சுண்ணாம்புக் குறி

தேங்காய் நாரை நனைத்துப் பொற்கொடி தேய்க்கத் தேய்க்க, பாசிக்கு அடியிலிருந்து எழுத்துகள் எழுந்து வந்தன. முதலில் ஒரு பெண்ணின் பெயர். அதன் கீழே இன்னும் மூன்று பெயர்கள்.

"ஒரே குழியில நாலு பேருங்களா சார்?"

விரிவுரையாளர் பாலகோபால் குனிந்து பார்த்தார். "இல்லம்மா. இங்க இருக்கறது டாக்டர் எல்சா மட்டுந்தான். மத்தது அவங்க அப்பா, அம்மா, தம்பி. அவங்களுக்குக் கல்லறையே கிடையாது. அதனால இந்தக் கல்லுலயே பேரை வெட்டச் சொல்லியிருக்காங்க."

1995 டிசம்பர். கோவைக் கல்லூரி ஒன்றின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம், வால்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தது. புதர் மண்டிக் கிடந்த பழைய இடுகாட்டைச் சீர்செய்வதுதான் மாணவர்களின் வேலை. எல்சா ஜெர்மனியில் பிறந்த யூதப் பெண். ஹிட்லர் ஆட்சியில் யூதர்கள் வைத்தியம் பார்க்கக் கூடாது என்றானபோது, கப்பலேறித் தப்பி இந்த மலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவர். ஜெர்மனியிலேயே தங்கிவிட்ட அவர் குடும்பத்தை நாஜிகள் ரயிலில் அடைத்துக்கொண்டுபோய் விஷவாயு அறையில் கொன்றார்கள். அந்த ஆட்சி கொன்ற யூதர்கள் ஏறத்தாழ அறுபது லட்சம் பேர். அன்று மாலை பாலகோபால் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது பொற்கொடிக்குச் சோறு இறங்கவில்லை. கல்லில் பெயர் இருந்த தம்பிக்குச் சாகும்போது வயது பதினொன்று.

கூடப் படிக்கும் ரவிதேஜாவுக்கு இறங்கியது. பெரிய நூற்பாலை முதலாளியின் மகன் அவன். "என்ன இருந்தாலும் ஹிட்லர் ஆம்பளைடா! நம்ம நாட்டுக்கும் அப்படி ஒருத்தன் வந்தாத்தான் எல்லாம் ஒழுங்குக்கு வரும்" என்றான், தட்டை வழித்துக்கொண்டே. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பாலகோபால் காதில் விழாததுபோல் கை கழுவப் போனார்.

மறுநாள் காலையில் இடுகாட்டுக்குப் போன பொற்கொடி அப்படியே நின்றுவிட்டாள். கழுவித் துடைத்த கல்லின் மேல், சுவருக்கு அடிக்க வைத்திருந்த சுண்ணாம்பால், சாய்வாக ஒரு ஸ்வஸ்திகா. நாஜிக் கொடியில் இருந்த அதே குறி. குறியின் ஒரு கை அந்தச் சிறுவனின் பெயருக்கு மேலே ஓடியிருந்தது.

பின்னால் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ரவிதேஜாவின் விரல்களில் சுண்ணாம்பு காய்ந்திருந்தது.

பாலகோபால் பதறிப்போய் ஓடி வந்தார். "பொற்கொடி, தண்ணி ஊத்திக் கழுவிப்போடும்மா. வெளையாட்டுப் பசங்க. பெருசு பண்ண வேண்டாம். ரவியோட அப்பா நம்ம காலேஜ் கமிட்டியில இருக்கறாரு."

"நான் கழுவ மாட்டனுங்க சார். வரைஞ்ச கைதான் கழுவோணும்."

"சின்ன விஷயம்மா!"

"கொன்னவனோட கொடியைச் செத்தவங்க மேல வரையறதுங்களா சின்ன விஷயம்?"

அந்த நேரம் பார்த்து, கையில் செவ்வந்திப் பூவோடு மேட்டில் ஏறி வந்தாள் பழனியாத்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவள். கல்லைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "கல்லு பளிச்சுன்னு ஆயிருச்சே! இதென்னுங் கண்ணு, கல்லாப்பெட்டியில போடற குறியாட்டம்?"

ரவிதேஜா முந்திக்கொண்டான். "ஆமாங்க. சாமிக் குறிங்க."

"பொய்யிங்க" என்றாள் பொற்கொடி. "டாக்டரம்மாவோட அப்பா அம்மாவைக் கொன்னவங்க குறிங்க இது. இதோ நிக்கறாரே, இவர்தான் வரைஞ்சாரு."

பழனியாத்தாளின் கையிலிருந்த பூ தாழ்ந்தது. அவள் ரவிதேஜாவைத் திட்டவில்லை. அவன் எதிரே வந்து நின்றாள்.

"அந்தம்மா உனக்கு என்ன கண்ணு பண்ணுனாங்க?"

ரவிதேஜா ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"கூலிக்காரங்க லயத்துப் பொம்பளைன்னு மத்த டாக்டருங்க எட்ட நின்னு மாத்திரையை வீசுவாங்க. நான் பிரசவத்துல சாகக் கெடந்தப்ப, அந்தம்மா என் தலையை மடியில வெச்சுக்கிட்டு விடிய விடிய உக்காந்திருந்தாங்க. அவங்க கல்லு மேலயா கண்ணு இதை வரைஞ்சே?"

ரவிதேஜா சிரிப்புக்காக நண்பர்கள் பக்கம் திரும்பினான். ஒருவரும் சிரிக்கவில்லை, தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். அவன் மெல்ல மண்டியிட்டு நாரை எடுத்தான். மேலே இருந்த சுண்ணாம்பு போய்விட்டது. எழுத்துகளின் பள்ளத்தில் இறங்கியது மட்டும் போகவில்லை. ஒரு குச்சியை ஒடித்து ஒவ்வொரு எழுத்தாகச் சுரண்டினான். சுரண்டும்போது அந்தப் பதினொரு வயதுப் பையனின் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியதாயிற்று. படித்தபோது அவன் கை நின்றுவிட்டது.

"மன்னிச்சுக்கங்க" என்றான். பழனியாத்தாளிடமா, கல்லிடமா என்று அவனுக்கே தெரியவில்லை.

பாலகோபால் கல்லருகே வந்தார். "தப்பு அவன் பேர்ல மட்டுமில்ல. நேத்து அவன் பேசுனப்பவே நான் தடுத்திருக்கோணும். காலேஜ் கமிட்டிக்குப் பயந்து, சின்ன விஷயம்னு மூடப் பாத்தேன்" என்றார்.

பொற்கொடியின் கோபம் இன்னும் ஆறவில்லை.

"எங்க ஊரு காரமடைப் பக்கமுங்க சார். டீக்கடையில எங்க சனத்துக்குன்னு தனி கிளாஸ் வெச்சிருக்காங்க. எங்கப்பா கேக்கப் போனப்பவும் சின்ன விஷயம்னுதான் எல்லாரும் சொன்னாங்க. ஜெர்மனியிலயும் எடுத்த உடனே கொல்லலீங்களே? மொதல்ல இவங்க வேறன்னாங்க. அப்பறம் பக்கத்துல உக்காராதேன்னாங்க. அதைக் கேட்டு நாலு பேரு சிரிச்சாங்க, நாப்பது பேரு சும்மா இருந்தாங்க. கொலையே அங்கதானுங்க ஆரம்பிக்குது. தடுக்கறதுன்னா அப்பவே தடுக்கோணும். செத்தப்பறம் கல்லறையைக் கழுவி என்னுங்க பிரயோசனம்?"